ஓடாத நாள்

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாகக் கல்வராயன் மலைமேல் ஏறுகிற சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். விடிய இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ஏற்றத்தில் ஓடுகிறாள். இருபதடி பின்னால் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் அவளுடைய அப்பா. விளக்கு வெளிச்சம் அவள் காலுக்கு முன்னால் விழுகிற மாதிரி வண்டியை மெதுவாக நகர்த்திக்கொண்டு வருகிறார். சட்டைப் பையில் இருக்கும் போனில் ஸ்டாப் வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவர்கள் இருவரும் என் கற்பனைதான். ஆனால் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கம் முதல் பஸ் பிடித்துப் பழகியவர்கள் யாரும் இப்படி ஒரு காட்சியே கிடையாது என்று சொல்லமாட்டார்கள். இதில் தப்பு எதுவும் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருட்டில் பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பாமல் வண்டியில் கூடவே வருகிற அப்பா நல்ல அப்பா.

அதே பெண்ணுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சல். "இன்னிக்கு வேணாம் பாப்பா, படு" என்று சொல்லிவிட்டு அப்பா திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அவள் படுக்கவில்லை. சத்தம் கேட்காமல் கதவைத் திறந்து, வாசலில் உட்கார்ந்து ஷூ கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். வண்டியும் இல்லை, வெளிச்சமும் இல்லை. யாரும் விரட்டவில்லை. வேண்டாம் என்றே சொல்லியாகிவிட்டது. பிறகு அவளை ஓட வைப்பது எது?

இந்தக் கேள்வியில் முதன்முதலாக இடறி விழுந்தவர்களில் ஒருவர் ஃபிரெடெரிக் பேக்லாண்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். உடற்பயிற்சியை நிறுத்தினால் தூக்கம் என்னவாகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய நோக்கம். தினமும் பயிற்சி செய்கிறவர்களைக் கூப்பிட்டு, ஒரு மாதம் நிறுத்துங்கள், பணம் தருகிறேன் என்றார். எவ்வளவு கொடுத்தாலும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் வாரத்துக்கு மூன்று நான்கு நாள் மட்டும் ஓடுகிறவர்களை வைத்துத்தான் ஆய்வை முடிக்க வேண்டியதாயிற்று. அவர்களுக்கும்கூட அந்த மாதத்தில் தூக்கம் கெட்டது, பதற்றம் கூடியது. 1970-இல் வெளியான அந்தக் கட்டுரையில் முடிவுகளைவிட, வரமாட்டேன் என்று சொன்னவர்கள்தான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறார்கள். அந்த ஆராய்ச்சித் துறையே அவர்களிடமிருந்துதான் முளைத்தது.

இப்படி நிறுத்த முடியாமல் செய்கிற பயிற்சிக்குத் தமிழில் ஒட்டுகிற சொல் இன்னும் அமையவில்லை. 'கட்டாய உடற்பயிற்சி' என்றால் பள்ளிக்கூடத்து டிரில் பீரியடும் பி.இ.டி. மாஸ்டரின் விசிலும் ஞாபகத்துக்கு வருகின்றன. இங்கே கட்டாயப்படுத்துகிற ஆள் வெளியே இல்லை. அதனால் இந்தக் கட்டுரைக்கு மட்டும் 'உள்கட்டாயம்' என்று வைத்துக்கொள்கிறேன். மருத்துவக் கையேடுகளிலும் இது தனி நோயாக இடம்பெறவில்லை. அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, சாப்பிட்டதைக் கரைப்பதற்காக வெறிகொண்டு பயிற்சி செய்வதை உணவுக் கோளாறுகளின் ஓர் அறிகுறியாகச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது.

ஆனாலும் அளப்பதற்கு ஒரு கருவி இருக்கிறது. இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட 24 கேள்விகள் கொண்ட படிவம் அது. எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறாய் என்பதைவிட, ஓடாவிட்டால் உனக்கு என்ன ஆகிறது என்பதில்தான் அதன் கண். ஒரு நாள் விட்டால் குற்ற உணர்வு வருகிறதா, எடைக்காகத்தான் ஓடுகிறாயா, ஓடினால்தான் மனம் சமநிலைக்கு வருகிறதா, நேரமும் அளவும் கொஞ்சம் மாறினாலும் தாங்கமுடியவில்லையா. இவற்றோடு இன்னொன்றையும் அந்தப் படிவம் கேட்கிறது: இதைச் செய்வதில் உனக்குச் சந்தோஷம் இருக்கிறதா? பலபேர் நினைப்பதுபோல உள்கட்டாயம் என்பது ஓட்டத்தின்மேல் அளவுகடந்த ஆசை இல்லை. பிடிக்காமலே ஓடுகிறவர்களும் அதில் உண்டு. போதைப் பழக்கத்தின் பிற்பகுதியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முதலில் இன்பத்துக்காகக் குடிக்கிறவன், பிறகு கை நடுங்காமல் இருக்கக் குடிக்கிறான்.

வயலில் வேலை செய்கிற உடம்புக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். கரும்பு வெட்டுகிறவர் மழை பிடித்துக்கொண்டால் உட்கார்ந்துவிடுவார். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி முடிந்தால் முடிந்ததுதான். இன்னும் நாலு செடி பிடுங்கினால்தான் நிம்மதி என்று யாரும் பக்கத்துக் கொல்லைக்குப் போவதில்லை. வேலைக்கு முடிவு உண்டு. பயிற்சிக்கு அப்படி இயற்கையான முடிவு கிடையாது. யாராவது 'போதும்' என்று சொல்ல வேண்டும், கேட்கிறவர் அதை நம்பவும் வேண்டும். நம் பெண் நம்பவில்லை. ஏன்?

இங்கேதான் வீடு உள்ளே வருகிறது.

ஆவி அசோர், கை ரோத், எட்வர்ட் டெசி என்ற மூன்று உளவியலாளர்கள் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது அடியையோ திட்டையோ அல்ல, அவற்றைவிட மென்மையான ஒன்றை. பிள்ளை நன்றாகச் செய்தால் பெற்றோரின் பாசம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுகிறது, செய்யாவிட்டால் கொஞ்சம் குறைகிறது. அவ்வளவுதான். நிபந்தனையோடு வருகிற அன்பு. படிப்பு, விளையாட்டு, மற்றவர்களுக்கு உதவுதல், உணர்ச்சியை அடக்குதல் என்ற நான்கு விஷயங்களில் இது எப்படி வேலை செய்கிறது என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். அப்படி வளர்ந்தவர்கள் சொன்ன காரியத்தைச் செய்கிறார்கள், அந்த அளவில் முறை வெற்றிதான். ஆனால் 'செய்ய வேண்டும்' என்ற குரல் அவர்களுக்கு உள்ளேயிருந்தே கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஜெயித்த சந்தோஷம் சீக்கிரம் வடிந்துவிடுகிறது. தோற்றால் அவமானமும் குற்ற உணர்வும் நெடுநேரம் தங்குகின்றன. பெற்றோர்மேல் ஒரு கசப்பும் மிஞ்சுகிறது.

அதே ஆய்வின் இரண்டாம் பகுதி தாய்மார்களையும் வளர்ந்த மகள்களையும் பற்றியது. தங்கள் பெற்றோரிடம் இந்த நிபந்தனை அன்பை அனுபவித்து நொந்த தாய்மார்களே அதைத் தங்கள் மகள்களிடமும் கையாண்டிருக்கிறார்கள். இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இப்போது அந்த டி.வி.எஸ். வண்டிக்குத் திரும்புவோம். நல்ல டைமிங் வந்த நாளில் அப்பா வழியில் நிறுத்தி வடையும் டீயும் வாங்கித் தருகிறார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இன்னிக்கு மூணு நிமிஷம் கொறைச்சிட்டா தெரியுமா" என்கிறார். பெரியப்பாவுக்குப் போன் போகிறது. டைமிங் வராத நாளில் அவர் திட்டுவதில்லை. பேசாமல் வண்டியைத் திருப்புகிறார். டீக்கடை வருகிறது, போகிறது. அப்பாவைக் கேட்டால், 'நான் ஒரு வார்த்தை சொல்லலியே' என்பார். உண்மைதான். பிள்ளைகள் வார்த்தையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதில்லை. நின்றுபோன வடையையும் சேர்த்துத்தான் போடுகிறார்கள். அந்தக் கணக்கு ஓராண்டு ஓடினால், ஓடாத நாள் என்பது அப்பா தன்னைவிட்டு ஒரு சாண் தள்ளிப்போகிற நாள் என்று ஆகிவிடுகிறது. காய்ச்சலோடு எழுந்து ஓடுவது, அந்த ஒரு சாண் தூரத்தைத் தாங்க முடியாமல்தான்.

ராபர்ட் வாலரன்ட் என்ற கனடா உளவியலாளர், 2003-இலிருந்து வளர்த்துவரும் ஒரு கோட்பாட்டில் இதையே வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறார். ஈடுபாட்டில் இரண்டு வகை. ஒன்று வாழ்க்கையின் மற்ற காரியங்களோடு ஒத்துப்போவது. இன்னொன்று மற்றதையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்வது. இரண்டு பேரும் ஒரே கிரவுண்டில் ஒரே ரவுண்டு ஓடலாம், பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. வாலரன்டும் அவருடைய சகாக்களும் இளம் இசைஞர்களையும் விளையாட்டுப் பிள்ளைகளையும் கவனித்ததில், தாமாக முடிவெடுக்கப் பெரியவர்கள் இடம்கொடுத்த பிள்ளைகளிடம் முதல் வகை அதிகம் காணப்பட்டது. பெற்றோரே அந்தத் துறையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய வீடுகளில் இரண்டாம் வகை.

இந்தியாவில் இந்தப் பேச்சை எடுத்தால் ஒடிசாவின் புதியா சிங்கைத் தவிர்க்க முடியாது. 2006 மே 2-ஆம் தேதி, நான்கு வயதில், புரியிலிருந்து புவனேஸ்வரம்வரை 65 கிலோமீட்டரை 7 மணி 2 நிமிடத்தில் ஓடியவன். மே மாத வெயில். உடன் ஓடிய மத்திய ரிசர்வ் போலீஸ்காரர்கள், சாலை ஓரமெல்லாம் கூட்டம், கேமராக்கள். அவனை வளர்த்தவர் பிரஞ்சி தாஸ் என்ற ஜூடோ பயிற்சியாளர். வறுமையில் தாய் 800 ரூபாய்க்கு விற்றுவிட்ட பிள்ளையை மீட்டு எடுத்துக்கொண்டவர். கெட்ட வார்த்தை பேசினான் என்று மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லிவிட்டு வேறு வேலையாகப் போனதாகவும், ஐந்து மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் அவன் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததாகவும் தாஸே சொல்லியிருக்கிறார். பத்திரிகைகள் இதைப் பிறவித் திறமையின் கதையாக எழுதின. எனக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. சோறு போட்டவர் 'நில்' என்று சொல்லாததால் நிற்காத ஒரு நான்கு வயதுப் பையனின் கதை அது. பிறகு அரசு அவன் நெடுந்தூரம் ஓடத் தடை போட்டது. 2008 ஏப்ரலில் தாஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவன் புவனேஸ்வரத்தில் அரசு விளையாட்டு விடுதியில் வளர்ந்தான், உலகம் எதிர்பார்த்த மாரத்தான் வீரனாக வரவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் எல்லாரும் காட்டுவது 'தங்கல்' படத்தை. ஹரியானாவின் மகாவீர் சிங் போகாட் மகள்களை விடியற்காலையில் எழுப்பி, முடியை வெட்டி, மல்யுத்த மண்ணில் இறக்கினார். 2010 காமன்வெல்த் போட்டியில் மகள் கீதா தங்கம் வென்றார். பாருங்கள், கண்டிப்புதான் ஜெயித்தது என்கிறார்கள். அதே படத்தைப் பார்த்துவிட்டு அதே மாதிரி எழுப்பப்பட்டு, எதுவும் ஜெயிக்காமல், முட்டி தேய்ந்து, விளையாட்டையே வெறுத்து ஒதுங்கிய பிள்ளைகளைப் பற்றி யாரும் படம் எடுக்கமாட்டார்கள். கரை சேர்ந்த படகை மட்டும் எண்ணிவிட்டு ஆற்றில் சுழல் இல்லை என்று சொல்வதற்குச் சமம் அது.

ஆனால் அப்பாவைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் அவர் போடுகிற கணக்கையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டு ஆய்வுகள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மலைமேல் பெரும்பாலும் மலையாளி பழங்குடிக் குடும்பங்கள். சாமை, தினை, மரவள்ளி. அது போதாதபோது கேரளத் தோட்டங்களில் கூலிவேலை. கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கைத் தரத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது என்பதே நிலைமையைச் சொல்லும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்ணுக்குக் கால் வேகம் இருக்கிறது என்று தெரிந்தால் அது சொத்து. மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் இருக்கின்றன. எந்த ஒதுக்கீடும் இல்லாவிட்டாலும் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடவேண்டும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள். பாரதியார் தின விளையாட்டு, குடியரசு தின விளையாட்டு, முதலமைச்சர் கோப்பை என்று ஒவ்வொரு சான்றிதழும் நெகிழி உறைக்குள் போய் பீரோவில் உட்காருகிறது. லண்டன் புறநகரில் மகளை டென்னிஸுக்கு அழைத்துப் போகிற அப்பாவுக்கு அது பெருமை. இங்கே அது குடும்பத்தின் அடுத்த தலைமுறை. அந்தப் பாரம் பிள்ளைக்கும் தெரியும். யாரும் சொல்லவேண்டியதில்லை.

இனி உடம்பின் கணக்கு. இதுதான் எனக்குப் பெரிய கவலை.

நம் பெண் 45 கிலோ என்று வைப்போம். அதில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு. மிச்சம் 36 கிலோ தசை, எலும்பு, உறுப்புகள். விடுதிச் சாப்பாடோ வீட்டுச் சாப்பாடோ, ஒரு நாளைக்கு 1,800 கலோரி உள்ளே போகிறது. சமதளத்தில் ஓடினால் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி செலவு. காலையில் 12 கிலோமீட்டர் என்றால் 540 போயிற்று. மிச்சம் 1,260. அதை 36-ஆல் வகுத்தால் 35. இந்த 35-ஐக் கொண்டுதான் அவளுடைய இதயம் துடிக்க வேண்டும், எலும்பு வளர வேண்டும், மாதவிலக்கு வர வேண்டும், கணக்குப் பாடம் மண்டையில் ஏற வேண்டும்.

ஆன் லவுக்ஸ் என்ற அமெரிக்க உடலியலாளர் 2003-இல் வெளியிட்ட சோதனையில் இந்த எண்ணை ஐந்து நாட்களுக்கு மட்டும் குறைத்துப் பார்த்தார். 30-க்குக் கீழே போனதும், மாதவிலக்கை நடத்துகிற பிட்யூட்டரி ஹார்மோனின் துடிப்பு தடுமாறியது. ஆளுக்கு ஆள் எல்லை மாறும் என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. 30 ஒன்றும் லட்சுமணன் கோடு இல்லை. ஆனாலும் நம் பெண் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள். பள்ளிக்கூடத்துக்குப் போக வர ஆறு கிலோமீட்டர் நடை. அது யாருடைய பயிற்சி அட்டவணையிலும் இல்லை. அதில் ஒரு 150 போனால் எண் 31 ஆகிறது. இப்போது உள்கட்டாயத்தைச் சேருங்கள். சாயங்காலம் தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு யாருக்கும் தெரியாமல் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறாள். எண் 25-க்குக் கீழே. மலை ஏற்றத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்தது. விளையாட்டில் ஏற்படும் ஒப்பீட்டு ஆற்றல் பற்றாக்குறை. 2018-லும் 2023-லும் திருத்தி எழுதினார்கள். பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும், ஆண்பிள்ளைகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையும், இருவருக்கும் எலும்பு மெலிந்து முறியும், அடிக்கடி சளி காய்ச்சல் வரும், மனம் சுருங்கும். வாழ்நாள் முழுமைக்கும் வேண்டிய எலும்பில் பெரும்பகுதியை உடம்பு சேமிப்பது இந்த வயதில்தான். அந்தச் சேமிப்பை இப்போது உடைத்தால் பிற்பாடு முழுதாகக் கட்டுவது கடினம்.

நம் ஊரில் இது கண்ணுக்குப் படாமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. மாதவிலக்கு நின்றால், போட்டி நேரத்துக்கு நல்லதாய்ப் போயிற்று என்று அம்மாவே ஆறுதல் அடைகிற வீடுகள் இருக்கின்றன. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகையும் பட்டினியும் சேர்ந்து டைமிங்கைக் கெடுக்கும்போது, அதைச் சோம்பேறித்தனம் என்று படிப்பது சுலபம். டைமிங் கெட்டால் இன்னும் ரெண்டு ரவுண்டு. இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடினால் டைமிங் மேலும் கெடும்.

மலைக் காற்று கைகொடுக்கும் என்ற நம்பிக்கையும் ஒன்று உண்டு. கென்யாக்காரர்கள் மலையில் ஓடித்தான் ஜெயிக்கிறார்களாம். அவர்களுடைய இட்டன் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரம். கல்வராயன் மலை 600 முதல் 900 மீட்டர். ரத்தச் சிவப்பணுக்கள் கணிசமாகப் பெருக அந்த உயரம் போதாது. கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலையில் ஓடினால் கிடைப்பது குளிர்ந்த காற்றும் வலுவான தொடையும்தான். அதுவே நல்ல விஷயம். கூடுதலாக ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

பசியோடு நிற்காமல் ஓடுவதைப் பற்றி, எலிகளை வைத்துச் செய்த ஒரு பழைய சோதனை இருக்கிறது. ரூட்டன்பெர்க், குஸ்னெசோஃப் என்ற இருவர் 1967-இல் வெளியிட்டது. எலிக்கு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் உணவு. கூண்டில் சுழல் சக்கரம் இல்லாவிட்டால், அந்த ஒரு மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சாப்பிடப் பழகிக்கொண்டு எலி பிழைத்துவிடும். சக்கரம் இருந்தால் ஓடத் தொடங்குகிறது. எடை குறையக் குறைய ஓட்டம் கூடுகிறது, சாப்பாடு குறைகிறது. நிறுத்தாவிட்டால் செத்துப்போகும். விரட்ட யாரும் இல்லை. பசித்த உடம்பு இரையைத் தேடி அலையத் தூண்டும் பழைய ஏற்பாடு சக்கரத்தில் மாட்டிக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தால் அந்த வெறியோட்டம் தணிகிறது.

மனிதர்கள் எலிகள் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 ஆண்களை அரைப்பட்டினி போட்டுப் பார்த்ததில், பெரும்பாலானோர் சுருண்டு உட்கார்ந்துவிட்டார்கள், ஓடவில்லை. ஆகவே பசிதான் ஓடவைக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உணவுக் கோளாறு மருத்துவமனைகளில், எடை சரிந்த நோயாளிகள் சிலர் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பதை மருத்துவர்கள் பலகாலமாகக் கவனித்திருக்கிறார்கள். மேற்கத்திய ஆய்வுகளில் உள்கட்டாயத்துக்குப் பெரும்பாலும் ஒரே வாசல்: ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை. நம் மலைப் பெண் ஒல்லியாக ஆசைப்படவே இல்லை. சாப்பாடு போதவில்லை, ஓட்டம் நிற்கவில்லை, நின்றால் அப்பா முகம் வாடும். வேறு வாசல் வழியாக அவளும் அதே வீட்டுக்குள் போய்விடலாம் என்பது என் சந்தேகம். நிரூபித்த உண்மை அல்ல. யாராவது ஆராய வேண்டும்.

ஆய்வுகளின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் துறையில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் படிவம் நிரப்பி வாங்கியவை. பிள்ளைக்கு உள்கட்டாயம் இருப்பதால் அப்பா கண்டிப்பானவராகத் தெரிகிறாரா, அப்பா கண்டிப்பாக இருப்பதால் பிள்ளைக்கு வந்ததா என்று அவற்றால் உறுதியாகப் பிரிக்க முடியாது. எதையும் அப்பழுக்கில்லாமல் செய்யவேண்டும் என்ற பிடிவாதம் ரத்தத்திலும் வரும். அப்பாவும் மகளும் ஒரே மண்ணில் செய்தவர்களாக இருக்கலாம். மாஸ்டர், போட்டித் தோழி, போனில் ஓடுகிற ரீல்ஸ் எல்லாருக்கும் பங்கு உண்டு. பெற்றோர் மட்டுமே காரணம் என்று எழுதுவது நேர்மை ஆகாது. ஆனால் அந்தப் பட்டியலில், இன்று மாலையே நடந்துகொள்வதை மாற்றக்கூடியவர்கள் பெற்றோர்தான்.

எதைப் பார்க்க வேண்டும்? கிலோமீட்டரைப் பார்த்தால் பிடிபடாது. அமெரிக்காவில் நீரு ஜெயந்தி என்ற விளையாட்டு மருத்துவர் தலைமையில் நடந்த ஆய்விலிருந்து ஒரு சுலபமான அளவுகோல் கிடைத்தது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி என்பது பிள்ளையின் வயதைத் தாண்டினால் கடுமையான காயங்களின் வாய்ப்பு கூடுகிறது. நல்ல அளவுகோல். ஆனால் நம் பெண் வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குமேல் ஓடவில்லை. வயது பதினைந்து. அவள் அந்தச் சல்லடையில் விழுந்து கீழே போய்விடுவாள்.

அதனால் ஓடாத நாளைப் பாருங்கள். ஓய்வு என்று சொன்ன நாளில் பிள்ளை என்ன செய்கிறது? மதியம்வரை தூங்கி, டி.வி. பார்த்து, தம்பியோடு சண்டை போட்டால் கவலை இல்லை. அறைக்குள் ஸ்கிப்பிங் சத்தம் கேட்டால், ஓடாததால் இட்லி வேண்டாம் என்றால், எரிந்து எரிந்து விழுந்தால், முழங்காலுக்குக் கீழே எலும்பைத் தொட்டால் வலிக்கிறது என்பதை மறைத்தால், அங்கே நின்று கவனிக்க வேண்டும். மாதவிலக்கு மூன்று மாதம் வரவில்லை என்றாலோ, 15 வயதாகியும் பூப்படையவில்லை என்றாலோ மருத்துவரிடம் போக வேண்டும். போட்டிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது என்பது சாக்காக முடியாது. மனத்தின் பக்கம் உதவி வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

இளம் வீரர்களுக்கு வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் முழு ஓய்வு வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் சொல்கிறது. ஆண்டில் இரண்டு மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்தே விலகி இருக்கவும் சொல்கிறது. நம் ஊரில் இதை மாஸ்டரிடம் சொன்னால் சிரிப்பார். பரவாயில்லை, ஒரு நாளில் தொடங்கலாம். 'ரெஸ்ட் எடுத்துக்கோ' என்று அறிவித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மட்டும் அது ஓய்வாகாது. டைமிங் வராத நாளிலும் டீக்கடையில் வண்டி நிற்க வேண்டும். அம்மாவிடம் டைமிங்கைப் பற்றியே பேசாமல் ஒரு சாப்பாட்டு வேளை கழிய வேண்டும். ஓட்டம் தவிர வேறு எதையாவது பற்றிப் பெரியப்பாவுக்குப் போன் போக வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலரை மணி அலாரத்தை வைக்காதீர்கள். பிள்ளை தானாகவே எழுந்து வாசலில் ஷூ கட்டினால் தடுக்கவும் வேண்டாம், மெச்சவும் வேண்டாம். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னம்மா, தூக்கம் வரலியா?" என்று கேளுங்கள். பதில் வருகிறவரை எழுந்திருக்காதீர்கள்.